காதோரம் வெந்தயம்

ஜூன் 2, திங்கள்

காலையில் ஊறவைத்த வெந்தயம் ஒரு கரண்டி, வழக்கம்போல் மூக்கைப் பிடித்துக்கொண்டு. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நாக்குதான் கட்டுக்குள் இல்லை. ஆய்வகச் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட வந்த ஸ்டோர்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். என் கண்ணாடித் தொட்டியை அவர் மீன்தொட்டி என்று நினைத்து, வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறீர்களா என்று கேட்டார். இருபத்தைந்து வருஷமாக ரத்தத்திலிருந்தும் மூளையிலிருந்தும் அமினோ அமிலங்களைக் காகிதத்தில் பிரித்தெடுத்த தொட்டி அது.

மாத முடிவில் ஓய்வு. ஜூலை ஒன்றாம் தேதி புனே ரயில். தம்பி வீட்டில் பால்கனியோடு எனக்கென்று ஓர் அறை தயாராம். பிரிவுபசார மலருக்காக, இத்தனை வருஷமாக என்ன ஆராய்ச்சி செய்தீர்கள் என்று எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதித் தரும்படி கல்லூரி முதல்வர் கேட்டிருக்கிறார். எழுதினேன்:

'சாப்பாட்டிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் மூளைக்குள் போக ஒரு வாசல் உண்டு. லியூசின் என்ற ஒன்று அளவுக்கு மிஞ்சினால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். மற்றவை உள்ளே போக வழியில்லாமல் மூளை பட்டினி கிடக்கும். இதை எலிகளில் பார்த்தேன்.'

ஒரு ஆயுசு வேலை இவ்வளவு சின்னதாக முடிந்துவிட்டதில் எனக்கு மனத்தாங்கல்தான். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு நான் எலி டீச்சர். அதையே போட்டிருந்தால் இன்னும் சுருக்கமாக இருந்திருக்கும்.

ஜூன் 5, வியாழன்

ஆவுடையம்மாள் இன்றைக்கும் வேலைக்கு வந்திருந்தாள். நிறைமாதம். வயிறு மேஜையில் இடிக்கிறது, ஆனாலும் சொட்டு அளக்கிற பிப்பெட்டைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள். என் துறையில் விரிவுரையாளர், பத்து வருஷமாக என்னோடு சண்டை போடுகிற ஒரே ஆள். மற்றவர்களுக்கெல்லாம் என்னிடம் பயம்.

எங்கள் சண்டை எப்போதும் ஒரே விஷயத்துக்குத்தான். மருந்து கொடுத்த எலிக்குப் பக்கத்தில் மருந்து கொடுக்காத எலி ஒன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். ஒருமுறை அவசரத்தில் அது இல்லாமலே ஒரு கட்டுரையை அனுப்பப் போனேன். என் பெயரை எடுத்துவிடுங்கள் மேடம் என்றாள். கட்டுரை மேஜை இழுப்பறைக்குள்ளேயே கிடக்கிறது. அவள் சொன்னதுதான் சரி. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து வருகிற பிள்ளை. கணவர் நயினார் அவளுக்கு அத்தை மகன், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். மதியம் அவளை அழைத்துப்போக ஸ்கூட்டரில் வந்தவர், வேகத்தடை வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன் மேடம் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார்.

ஜூன் 11, புதன்

ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் நலம். தலை நிறைய முடி, முகத்தில் அப்பாவின் அதே திகைப்பு.

நான் அழவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் பினாயில் நெடி அதிகம்.

ஜூன் 14, சனி

காலை வெந்தயம். ஆவுடையும் பிள்ளையும் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். திருநெல்வேலி டவுனில் அவர்கள் வீட்டுக்கு மாலையில் போனேன். நயினாரின் அக்கா செண்பகம் பிரசவம் பார்க்க வந்து அடுக்களையைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆவுடைக்கு மதினி. பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் தூக்குவாளியில் வெந்தயக்களி போயிருக்கிறது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மினுங்க எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டினாள். சர்க்கரை என்றேன். வெந்தயம் சர்க்கரைக்கு நல்லதுல்லா என்றாள். கருப்பட்டியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அரைக் கிண்ணம் சாப்பிட்டேன்.

பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டேன். காதோரம் வெந்தய வாசனை. எனக்குச் சிரிப்பு வந்தது. அது என்னிடமிருந்துதான். தினமும் வெந்தயம் தின்கிறவள் மேல் அது வீசத்தான் செய்யும். நான் புனேவுக்குப் போகும்போதெல்லாம் தம்பி மனைவி ஜன்னலைத் திறந்து வைப்பாள், வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

நான் பிள்ளையை முகர்ந்ததை ஆவுடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், நீங்க இன்னும் வெந்தயம் சாப்பிடுதியளா?"

தினமும் என்றேன். அவள் முகம் தெளிந்து, தலையணையில் சாய்ந்துகொண்டாள். எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கு வெந்தயம் சாப்பிட மறந்துவிட்டேன். சோப்பையும் மாற்றி, தலைக்கும் குளித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெட்டியிலிருந்து புதுச் சேலை. ஆராதனை முடிந்ததும் அப்படியே டவுனுக்கு ஒரு நடை போய்வரலாம்.

அதே நாள், மாலை

மறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை, இன்று வேண்டுமென்றே விட்டேன். எழுதுவதென்றால் ஒழுங்காக எழுத வேண்டும்.

வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிற பாடம்தான். சில பிள்ளைகள் லியூசினையும் அதன் இரண்டு கூட்டாளிகளையும் எரிக்கிற நொதி இல்லாமலே பிறக்கும். தாய்ப்பாலிலிருந்தே அவை ரத்தத்தில் சேர ஆரம்பிக்கும். சில நாளில் பிள்ளை பால் மறுக்கும், துவளும், பிறகு மூளை வீங்கும். வெளிநாட்டுப் புத்தகத்தில் அந்தப் பிள்ளைகள்மேல் மரப்பாகு மணக்கும் என்று போட்டிருக்கும். நம்மூர் மூக்குக்கு அது வெந்தயம் என்று நான் சொல்வேன், வகுப்பே சிரிக்கும். முதலில் மணப்பது காதுக் குறும்பி. ஒரு பிள்ளையையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. நான் எலிக்காரி.

ஆராதனையில் பிரசங்கம் என்னவென்று காதில் விழவில்லை. அங்கிருந்து நேரே அவர்கள் வீடு. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அழுகையே இல்லை, தங்கமான பிள்ளை, பால்தான் சோம்பலாகக் குடிக்கிறான் என்று செண்பகம் பெருமையோடு சொன்னாள். எடுத்து மடியில் போட்டேன். கைகள் துணிபோலத் தொங்கின. காதோரம் குனிந்தேன். என்னிடம் இன்று வெந்தயம் இல்லை. அவனிடம் இருந்தது.

தாய் களி சாப்பிட்டால் அது பாலில் இறங்கிப் பிள்ளைமேல் வீசும். இதுவும் உண்மை. ஆகவே வாசனையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆய்வகத்துப் பழுப்பு பாட்டிலில் ஒரு மஞ்சள் திரவம் இருக்கிறது. நோய் இருந்தால் பிள்ளையின் மூத்திரத்தில் சில அமிலங்கள் வழியும், அந்தத் திரவத்தைச் சொட்டினால் கலங்கும். வெந்தயத்துக்கு அது கலங்காது.

கேட்க வாய் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பெற்றவளிடம் எந்த முகத்தோடு கேட்பது? ஆகவே திருடினேன். செண்பகம் காபி போடப் போன நேரத்தில் வாளியில் கிடந்த ஈரத் துணி ஒன்றைப் பாலிதீன் பையில் சுற்றி, கைப்பைக்குள் வேதாகமத்துக்குப் பக்கத்தில் திணித்தேன். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் மாட்டுக்கொட்டகையில் பிறந்தவர்தான்.

கல்லூரிக்குப் போனால் ஆய்வக வாசல்படியில் நயினார் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை. என்னைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கம்பத்தில் ஏறி மின்சாரத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல எழுந்து நின்றார்.

"ஆவுடைதான் மேடம் அனுப்புனா. வாட்ச்மேன்ட்ட சாவி வாங்கி, பழுப்பு பாட்டில்ல உள்ளத சொட்டு சொட்டா ஊத்திப் பாத்துட்டு வாங்கன்னா. தாள்ல எழுதியும் குடுத்துருக்கா. எனக்குத் தைரியம் வரல."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னுட்டா. மேடம் சொல்லிட்டா அது உண்மையாயிரும்ங்கா."

மஞ்சப்பையில் மூத்திரம் பிடித்த மருந்துக் குப்பிகள் இரண்டு. இரண்டிலும் அவள் கையெழுத்தில் சீட்டு. ஒன்றில் 'பிள்ளை', இன்னொன்றில் 'தாய்'. நாள்தோறும் களி சாப்பிடுகிற தன்னுடையதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். களி வேறு, நோய் வேறு என்று பிரித்துக் காட்ட அது ஒன்றே வழி. பிள்ளைக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்த நாளிலும் அவள் கன்ட்ரோலை மறக்கவில்லை.

தாய் குழாயில் சொட்டினேன். மஞ்சளாக, தெளிவாக நின்றது. பிள்ளை குழாயில் சொட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரிந்த பால்போலக் கலங்கிக் கீழே இறங்கியது. நயினார் குழாயைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். வேகத்தடையில் அவர் இறங்கவில்லை.

ஆவுடை வாசலிலேயே நின்றாள்.

"தாய் பாட்டில் எப்படி இருந்துச்சு மேடம்?"

தெளிவாக இருந்தது என்றேன். பிள்ளை பாட்டிலைப் பற்றி அவள் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

ஜூன் 16, திங்கள்

குழந்தைகள் மருத்துவர் மீரான் நல்ல மனிதர். இந்த நோயைப் பார்த்ததில்லை, படித்திருக்கிறேன் என்று மறைக்காமல் சொன்னார். நானும் அதே ஜாதிதான் என்றேன். பாலை நிறுத்தியாயிற்று. குளுக்கோஸ் ஏறுகிறது, வைட்டமின் ஊசியும் உண்டு. லியூசினும் கூட்டாளிகளும் இல்லாமல் செய்த பால்பவுடர் ஒன்று இருக்கிறது, அது இந்த ஊரில் கிடையாது. பெங்களூரில் ஒரு மருத்துவரிடம் இருக்கிறதாம். ஒரு கருத்தரங்கில் நான் எல்லார் முன்னாலும் மடக்கிப் பேசிய ஆள். ஃபோன் செய்தேன். பேரைச் சொன்னதும் சிரித்துவிட்டு, டப்பாக்கள் இன்று மாலை ரயிலேறும் என்றார். ரத்தமும் அனுப்புங்கள், நாங்களும் பார்த்து உறுதி செய்கிறோம் என்றார். இனி யாரையும் மடக்கும் முன் யோசிப்பேன்.

பிள்ளையின் கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் தானாக அசைகின்றன. பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும். அது மூளை வீக்கத்தின் அடையாளம் என்று எனக்கும் ஆவுடைக்கும் தெரியும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆய்வகத்துக்குப் போய் அட்டைப்பெட்டிகளைப் பிரித்தேன். ஸ்டோர்காரர் ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் தொட்டியை அவரே தூக்கி மேஜையில் வைத்துத் துடைத்துக் கொடுத்தார். அலமாரியில் வேலின் என்கிற அமினோ அமிலத்தின் பாட்டில் கண்ணில் பட்டது. வாசலில் லியூசினோடு முட்டி மோதி உள்ளே போகக்கூடியது, எலிகளுக்கு நூறு தடவை கொடுத்திருக்கிறேன். கையில் எடுத்தேன். 'மனிதருக்கு அல்ல' என்று அச்சிட்டிருந்தது. திருப்பி வைத்துவிட்டேன். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

பவுடர் வந்தது. நயினார் மதுரை வரை போய் ரயிலிலேயே கைநீட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். பிள்ளை கண் திறக்கவில்லை.

பிள்ளையின் ரத்தம் வைத்த காகிதத்தைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். மருந்து தெளித்துச் சூடு காட்டினால் அமினோ அமிலங்கள் ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். லியூசின் புள்ளி புளியங்கொட்டை அளவு. இத்தனை வருஷத்தில் என் எலிகளில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

செண்பகம் ஆஸ்பத்திரி நடையில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வீட்டிலிருந்த வெந்தயத்தையெல்லாம் வாய்க்காலில் கொட்டிவிட்டாளாம்.

"என் களிதான் டீச்சரம்மா பிள்ளையப் போட்டுப் படுத்துது."

பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. களி ஒரு பாவமும் செய்யவில்லை, நோயின் வாசனை களி வாசனைக்குள் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான் என்று சொன்னேன். முதலில் ஏமாந்த மூக்கு என்னுடையது என்றும் சொன்னேன். படித்த மூக்கா என்று அழுகையோடு கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 18, புதன்

புளியங்கொட்டைதான்.

திருடிய துணியைத் துவைத்துக் காயப்போட்டேன். கொடியில் என் சேலைக்குப் பக்கத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்மா இரண்டு தடவை பார்த்தாள்.

ஜூன் 19, வியாழன்

சற்றுச் சிறிதோ? என் ஆசைதான் அப்படிப் பார்க்கிறதோ? இரண்டு காகிதங்களையும் ஆவுடையிடம் கொடுத்தேன், எது நேற்றையது, எது இன்றையது என்று சொல்லாமல். சரியாக எடுத்துக் காட்டினாள். கை ஆடவே இல்லை. பிறகு அந்தக் காகிதத்தை மார்போடு வைத்துக்கொண்டு, பால் கட்டி வலிக்கிறது மேடம் என்றாள். சுரக்கிற பாலையெல்லாம் பீய்ச்சிக் கொட்டுகிறாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

கொட்டாதே என்று திட்டினேன். குப்பியில் பிடித்து ஃப்ரீசரில் வை, வேண்டியிருக்கும் என்றேன். இந்த மாதத்தில் நான் திட்டிய திட்டுகளில் இது ஒன்றுதான் உருப்படி.

ஜூன் 20, வெள்ளி

துவரம்பருப்பு.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி நடையில் காத்திருந்தபோது உள்ளேயிருந்து ஓர் அழுகை. பசியில் கோபத்தோடு, ஊரைக் கூட்டுகிற அழுகை. நயினார் எழுந்து ஓடியதில் செருப்பு ஒன்று நடையிலேயே கிடந்தது. செண்பகம் கைகூப்பிவிட்டாள். மீரான் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் அழுதேன். இன்று பினாயில் நெடியெல்லாம் இல்லை.

ஜூன் 25, புதன்

பெங்களூரிலிருந்தும் உறுதி செய்துவிட்டார்கள். நமக்குத் தெரிந்த செய்திதான். லியூசின் புள்ளி மிளகு அளவுக்கு வந்துவிட்டது.

இனி ஆபத்து மறுபக்கம். லியூசின் அறவே இல்லாவிட்டாலும் பிள்ளை வளராது. கொஞ்சம் வேண்டும், கொஞ்சமே வேண்டும். மீரானும் நானும் கணக்குப் போட்டோம். பவுடர் பாலோடு தாய்ப்பால் அளந்து ஊற்றலாம் என்று முடிவாயிற்று. ஆவுடையிடம் சொன்னேன்.

"என் பால் அவனுக்கு விஷம்லா மேடம்."

"அளவு தெரியாதவங்களுக்குத்தான் விஷம். நீ பிப்பெட் பிடிச்ச கை. உன் பால்தான் இனிமே அவனுக்கு மருந்து. நீயே அளந்து ஊத்து."

ஃப்ரீசரிலிருந்த குப்பியை எடுத்து இளஞ்சூடாக்கி, சிரிஞ்சில் அளந்தாள். கோட்டுக்குச் சரியாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள், ஆய்வகத்தில் பார்ப்பதுபோலவே. ஒரு சொட்டு கூடியிருந்தது. அதைத் தள்ளிவிட்டுத்தான் கொடுத்தாள். பிள்ளை சப்புக்கொட்டினான். அப்போதுதான் அவளிடம் அந்தப் பழைய கட்டுரையைப் பற்றிச் சொன்னேன், அவள்தான் சரி என்று. தெரியும் மேடம் என்றாள்.

ஜூன் 27, வெள்ளி

புனே டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். மழைக்காலத்தில் அங்கே ஒரே ஈரமாம், மூட்டுக்கு ஆகாது. தம்பிக்கு வருத்தம். ஜன்னலைத் திறந்து வைக்கிற வேலை மிச்சம் என்று அவன் மனைவிக்குச் சொல்லச் சொன்னேன். வீட்டுக்காரரிடமும் காலி செய்யவில்லை என்று சொல்லியாயிற்று.

ஜூன் 30, திங்கள்

பிரிவுபசார விழா. செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசுவதுபோலவே எல்லாரும் என்னைப் பற்றி நல்லதாகப் பேசினார்கள். முதல்வர் மலரிலிருந்து வாசலைப் பற்றிய அந்த வரிகளை வாசித்தார். 'இதை எலிகளில் பார்த்தேன்' என்ற இடத்தில் பின்வரிசையிலிருந்து மீரான் இருமினார். வாரா வாரம் ரத்தம் பார்க்க வேண்டியிருப்பதால் ஒரு மேஜையும் தொட்டியும் மட்டும் ஆய்வகத்திலேயே இருக்கட்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். ஸ்டோர்காரர்தான் எனக்கு மாலை போட்டார். மல்லிகை அவ்வளவு புதிதில்லை, ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். இந்த நோய் போகாது, கூடவே வளரும். சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட லியூசின் ஏறிவிடும். ஏறினால் முதலில் தெரியப்போவது காதோரத்தில்தான். அதனால் அந்த வீட்டில் இனி வெந்தயம் கிடையாது என்று செண்பகமே சட்டம் போட்டுவிட்டாள். தோசை மாவுக்குக் கிடையாது, புளிக்குழம்புக்குக் கிடையாது, ஊறுகாய்க்குக் கிடையாது. வெந்தயம் மணந்தால் அது பிள்ளையிடமிருந்து மட்டுமே மணக்க வேண்டும். திருநெல்வேலியில் வெந்தயமில்லாத வீடு வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. நயினார் தோசை ருசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே ஐந்து தின்றார்.

எனக்கும் அந்தச் சட்டம் உண்டு. தினமும் போய்த் தூக்குகிறவள் ஆயிற்றே. டப்பாவோடு வெந்தயத்தை எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், வெந்தயத்தை ஏன் விட்டீர்கள் என்று கடிந்துகொண்டார். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்றேன்.

புனே ரயில் இந்நேரம் போயிருக்கும். மாலையில் பிள்ளையைத் தோளில் போட்டுக் காதோரம் மூக்கை வைத்தேன். ஆவுடை கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். செண்பகமும் பார்த்தாள். நயினார் தட்டோடு எழுந்து வந்தார். எனக்கு அவசரமில்லை. இன்னொரு தடவை முகர்ந்தேன், இன்னொரு பக்கமும் முகர்ந்தேன்.

பால், பவுடர், கொஞ்சம் வியர்வை. வேறொன்றும் இல்லை என்றேன்.